பத்துக்கு ஒண்ணரை

அந்தக் கோல்கீப்பரைத் திட்டாதீங்க தம்பி. உங்க போன், உங்க மேட்ச், உங்க வாய், நான் யாரு கேக்குறதுக்கு. ஆனா 'கட்டையாட்டம் நிக்கிறான் பாரு'ன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துடுச்சு. அதான் கேக்காமலே வாயைத் திறந்துட்டேன். கோச்சுக்காதீங்க.

பாருங்க, நிறுத்திட்டீங்க. நல்ல பையன். நான் சொன்னதுக்காக நிறுத்தத் தேவையில்ல. மீஞ்சூருக்கு வெளிய சிக்னல்ல ட்ரெயினைப் போட்டுட்டான், இனி எப்ப எடுப்பான்னு அவனுக்கே தெரியாது. இந்த லைன்ல இந்த டிரைவருங்களுக்கு நான் அஞ்சு மார்க்குக்கு மேல போட்டதே இல்ல.

ஆமா, மார்க். எனக்கு அது ஒரு வியாதி. எதைப் பாத்தாலும் பத்துக்கு இத்தனைன்னு வாயில வந்துடும். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா வஞ்சிரம் வறுத்து வெச்சா ஏழரைன்னுவேன். மீதி ரெண்டரையை நீயே வறுத்துக்கன்னு தட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுவா. என் பேர் பர்னபாஸ். ஆனா பெரம்பூர் பக்கம் வந்து பர்னபாஸ்னு கேட்டீங்கன்னா வீட்டைக் காட்ட மாட்டாங்க. மார்க் அண்ணன்னு கேட்டீங்கன்னா கூட்டிக்கிட்டே வந்து விடுவாங்க.

நான் ஃபுட்பால் ஆடினவன் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். முப்பத்தோரு வருசம் ஃபிட்டர் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ஆனா பாத்திருக்கேன் தம்பி. ஒரு மேட்ச் விடாம பாத்திருக்கேன். எங்க டீம் மேட்டுத்தெரு லெவன். எங்க பக்கத்துல எட்டு ஏரியா லீக்னு ஒண்ணு நடக்குது, எட்டு டீமு. அதுல ஏலம் கீலம் கிடையாது. காசு இருக்கிறவன் நல்ல ஆளையெல்லாம் வளைச்சுடுவான்னு பெரியவங்க அந்தக் காலத்துலயே வேணாம்னுட்டாங்க. வருசா வருசம் புதுசா டிராஃப்ட்தான். சீட்டு குலுக்கிப் போட்டு வரிசை வெப்பாங்க. ஒரு சுத்துக்கு ஒரு டீமு ஒரு ஆளை எடுக்கலாம். அப்புறம் அடுத்த சுத்து. பொன்னேரி, திருத்தணி, எண்ணூர்னு எங்கெங்கேயிருந்தோ பசங்க பேர் குடுத்திருப்பாங்க. இருபத்து மூணு வயசு வரைக்கும்தான். ஏன் இவ்வளவு பேர் வர்றானுங்கன்னா, இந்த லீக்குல ஆடினா டிபார்ட்மென்ட் டீமுக்காரங்க வந்து பாப்பாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. அதுதான் விஷயம். எங்களுக்கு விளையாட்டு, அவனுங்களுக்கு சோறு. இது எனக்கு அப்பவே தெரியும். தெரியாம பண்ணேன்னு சொல்ல வரல.

டிராஃப்ட் முடிஞ்ச அன்னிக்கே சாயங்காலம் கிரவுண்டு படிக்கட்டுல எங்க ஆளுங்க நாப்பது அம்பது பேர் உக்காருவோம். எங்க டீம் எடுத்த ஆளுங்களை ஒவ்வொருத்தனா சொல்லிச் சொல்லிப் பேசுவோம். இவன் வேகம் எப்படி, அவன் இடது கால் எப்படின்னு. சண்டை வரும். கடைசில எல்லாரும் என் பக்கம் திரும்புவாங்க. நான் ஒரு மார்க் சொல்லுவேன், அவ்வளவுதான், தீர்ப்பு. அதை நானே ஆடியோவா பேசி வாட்ஸப் க்ரூப்புல போடுவேன். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற க்ரூப்பு. பதினெட்டு வருசமா மார்க் போடறேன். முன்னெல்லாம் போன் கிடையாது, டீக்கடைப் பலகையில சாக்பீஸால எழுதுவேன். அப்ப நான் எட்டுன்னு எழுதின பையன் ஒருத்தன் இன்னிக்கு ரயில்வேல இருக்கான். என்னைப் பாத்தா இன்னமும் வண்டியை நிறுத்திட்டு இறங்குவான்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

போன வருசத்து டிராஃப்ட். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ட்ரையல் வெப்பாங்க. புதுசா பேர் குடுத்த பசங்க எல்லாம் கிரவுண்டுக்கு வரணும். டீம் செக்ரட்டரிங்க ஓரமா நாற்காலி போட்டுப் பாப்பாங்க. நம்மள மாதிரி ரசிகருங்களும் சுத்தி நிப்போம், யாரும் தடுக்க மாட்டாங்க. என் இடம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி. தொப்பி போட்டுக்குவேன், வெயில் ஆகாது. கையில நோட்டு. கீப்பரு ஒவ்வொருத்தனுக்கும் மூணு பெனால்டி அடிப்பாங்க. பசங்க நடுங்கிக்கிட்டு நிப்பானுங்க. பின்னாடியிருந்து ரெண்டு வார்த்தை நான் சொல்லிக் குடுப்பேன். யாரும் கேக்கறதில்ல, நானாத்தான். ஒரு சேவை மாதிரி வெச்சுக்குங்களேன்.

அதுல ஒருத்தன் வந்தான். பழவேற்காட்டுப் பையன், பேரு தேசப்பன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல். கை நீளம். பாத்ததும் எனக்கே ஆசையா இருந்துச்சு. முதல் பெனால்டி, அசையல. பந்து இடது பக்கம் போச்சு. ரெண்டாவது, அசையல. மூணாவது அவன் தலைக்கு வலது பக்கமா ஒரு கை தூரத்துலதான் போச்சு தம்பி, கையை நீட்டினாலே போதும். அசையல. நட்டுவெச்ச மாதிரி நின்னான். நான் நோட்டுல அடிச்சு எழுதினேன்.

அந்தப் பையனை எங்க செக்ரட்டரி முனிரத்தினம் மூணாவது சுத்துல எடுத்துட்டான். எனக்கு மானமே போச்சு. ஏண்டான்னு கேட்டேன். 'அண்ணே, இவன் ஊர்ல ஒரு மேட்ச்ல பாத்துக்கீறேன். மொத்த ஆட்டமும் இவன் ஒருத்தனேதான் காப்பாத்திக்கினு இருந்தான். ட்ரையல்ல இன்னாமோ ஆயிட்ச்சு, வுடுண்ணே'ன்னான். நான் விடற ஆளா.

படிக்கட்டுல பேர் வந்துச்சு. நான் ஒண்ணரைன்னேன். அரை எதுக்குண்ணேன்னு ஒருத்தன் கேட்டான். உயரத்துக்குன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இருக்கே, அது ஒரு போதை. அடுத்து ஆடியோவுல இன்னும் கொஞ்சம் ஏத்திப் பேசினேன். 'கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு கம்பம் ஏற்கெனவே இருக்கு. முனிரத்தினம் மூணாவதா ஒண்ணை எடுத்திருக்காரு. அது தினம் பழவேற்காட்டுலேர்ந்து பஸ் ஏறி வரும், வந்து நிக்கும், திரும்பிப் போகும்.' இதான் நான் பேசினது. அப்படியே மனப்பாடமா இருக்கு. ஏன் இருக்காது, எத்தனை பேர் எனக்கே திருப்பி அனுப்பினாங்க. மத்த ஏழு ஏரியாவுக்கும் போச்சு. அவன் ஊருக்கும் போச்சு.

முதல் மேட்ச். அவன் கிளவுஸ் மாட்டிக்கிட்டு உள்ள வரும்போதே கம்பம், கம்பம்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எதிர் டீம் ஆளுங்க இல்ல தம்பி, எங்க ஆளுங்க. நானும் கத்தினேன். கத்தலைன்னு சொன்னா பொய். பத்தாவது நிமிசம் சாதாரணமா உருண்டு வந்த பந்து, கையில வந்தது நழுவி உள்ள போயிடுச்சு. ஹாஃப் டைம்ல முனிரத்தினம் அவனைத் தூக்கிட்டு வேற கீப்பரை விட்டான். கூட்டம் கை தட்டிச்சு.

அதோட சரி. மீதி மேட்ச் எல்லாத்துக்கும் அவன் வந்தான். ரெண்டு பஸ் மாறி, ரெண்டரை மணி நேரம். வந்து பெஞ்சுல உக்காருவான். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுப்பான். வார்ம் அப்புல மத்தவங்க அடிச்சுப் பழக நிப்பான். நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாருங்க. வந்தான், நின்னான், போனான். என் மார்க் சரியா இருந்துச்சுன்னு அப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். இப்ப சொல்லும்போது நாக்கு கூசுது, ஆனா இருந்துச்சு.

கடைசி மேட்ச் அன்னிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க. நான் பஸ் ஸ்டாப்புல ஒதுங்கினேன். அவன் ஏற்கெனவே அங்க நின்னுக்கிட்டிருந்தான், தோள்ல பையோட. என்னைப் பாத்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். 'சார், இப்படி வாங்க, அங்க ஒழுகுது'ன்னான்.

எனக்கு சும்மா இருக்க முடியுமா. நல்லது சொல்றதா நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். 'தம்பி, தப்பா எடுத்துக்காத. உடம்பு இருக்கு, கை இருக்கு. ஆனா அன்னிக்கு ட்ரையல்ல ஏன்டா அப்படி நின்ன? ஒரு தடவையாவது பாஞ்சிருக்கலாமில்ல?'

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். கோவமா இல்ல. வாத்தியார் ஒரு பாடத்தைச் சொல்லிக் குடுத்துட்டு அவரே தப்புன்னு சொன்னா பிள்ளைங்க முழிக்குமே, அப்படி.

'நீங்கதானே சார் அசையாதன்னு சொன்னீங்க.'

எனக்குப் புரியல. நான் எப்படான்னேன்.

'பின்னாடி நின்னீங்களே சார். அசையாத, அசையாத, கடைசி வரைக்கும் அசையாதன்னு. மூணு தடவையும் சொன்னீங்க.'

சொன்னேன் தம்பி. எல்லா கீப்பருக்கும் அதைத்தான் சொல்லுவேன். பந்து அடிக்கிறவன் காலை விட்டுக் கிளம்பற வரைக்கும் அவசரப்பட்டுப் பாயாதன்னு அர்த்தம். அனுபவம் இருக்கிற பசங்க ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுவானுங்க. கிறுக்கன் எவனோ பின்னாடி கத்தறான்னு. இவன் என் தொப்பியைப் பாத்தான், நோட்டைப் பாத்தான். செலக்சனுக்கு வந்த பெரிய மனுசன்னு நினைச்சுட்டான். 'சொன்னா கேக்குறானா, அடங்கி நிக்கிறானான்னு சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன் சார். மூணாவது பந்து எங்க வருதுன்னு அடிக்கிறவன் ஓடி வரும்போதே தெரிஞ்சுடுச்சு. கையெல்லாம் துடிச்சுது. பிடிச்சுக்கிட்டு நின்னேன்'ன்னான்.

மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு. எனக்கு எங்கே பாக்கறதுன்னு தெரியல.

அந்த ஆடியோ யாரு பேசினதுன்னு தெரியுமான்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல. தெரியாதுன்னு சொல்லுவான்னு ஒரு நப்பாசை.

'கேட்டதும் தெரிஞ்சுது சார். அதே குரல்தானே.'

அவ்வளவுதான் சொன்னான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா நான் பிழைச்சிருப்பேன். பதிலுக்கு ரெண்டு பேசி, பஸ் வந்ததும் ஏறியிருப்பேன். அவன் திட்டல. ஒண்ணே ஒண்ணு கேட்டான். 'சார், எனக்கு அடுத்த வருசம்தான் கடைசி. வயசு முடியுது. ஒரு தடவை ட்ரையல் ஆனவனுக்கு மறுபடி ட்ரையல் கிடையாதாம். போன வருசம் எப்படி ஆடினான்னுதான் பாப்பாங்களாம், நான் ஆடவே இல்லியே. நீங்க சொன்னா எல்லாரும் கேக்குறாங்க. நடந்ததை க்ரூப்புல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். எடுக்கச் சொல்லிக் கேக்கல. நடந்ததைச் சொன்னாப் போதும்.'

சொல்றேம்ப்பான்னேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். என் நம்பரையும் குடுத்தேன். சத்தியமா சொல்லணும்னுதான் நினைச்சேன்.

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போயி போனை எடுத்தேன். 'மேட்டுத்தெரு சொந்தங்களே'ன்னு ஆரம்பிச்சேன். 'அன்னிக்கு ட்ரையல்ல அந்தக் கீப்பர் அசையாம நின்னதுக்குக் காரணம்'னு வந்து, அடுத்த வார்த்தை நான்தான்னு வரணும். வரல. இருமல் வந்துச்சு. அழிச்சேன். திரும்பப் பேசினேன். இந்தத் தடவை 'காரணம் யாரோ ஒருத்தர்'னு வந்துச்சு. எனக்கே கேவலமா இருந்துச்சு, அழிச்சேன். துணி எடுக்க வந்த ஸ்டெல்லா பாத்துட்டு, 'இன்னா, எலெக்சன்ல நிக்கிறியா, ஒரே பேச்சை நாலு வாட்டி பேசற'ன்னா. அவகிட்டயும் சொல்லல.

ஒரு மாசம் போச்சு. ரெண்டு மாசம் போச்சு. நடுவுல அவன் ஒரே ஒரு தடவை போன் பண்ணான். ஞாபகம் இருக்கா சார்னு கேட்டான். அப்ப எனக்கு ஒரு யோசனை தோணுச்சு, நல்ல யோசனைதான். 'ஆடியோ போட்டா வெட்டி ஒட்டி கேலி பண்ணிடுவானுங்கப்பா. டிராஃப்ட் அன்னிக்கு ஹால்ல எட்டு செக்ரட்டரியும் இருப்பாங்க. அங்கயே எழுந்து நேர்ல சொல்லிடறேன். அதுதான் கௌரவம்'னேன். 'நீங்க சொன்னா சரி சார்'னுட்டான். அவன் அப்படித்தான். பின்னாடி நின்னு என்ன சொன்னாலும் சரிம்பான்.

இதைச் சாக்குன்னு நினைக்காதீங்க. எனக்கு அப்ப அது நிஜமாவே நல்ல யோசனையாத்தான் பட்டுது.

டிராஃப்ட் போன ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. ஆமா, இப்ப போச்சே, அந்த ஞாயிறுதான். காலையில பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்துல. பேசறதுக்கு ஒரு சின்னத் துண்டுப் பேப்பர்ல நாலு வரி எழுதி சட்டைப் பாக்கெட்ல வெச்சிருந்தேன். உள்ள நுழைஞ்சதும் முனிரத்தினம் ஓடி வந்து கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்துக்கிட்டுப் போறான். என்னடான்னா, 'மேல வாண்ணே, உனுக்கு ஒரு சர்ப்ரைஸ்கீது'ன்றான். மைக்ல சொல்றாங்க, பதினெட்டு வருசமா எட்டு ஏரியாவுக்கும் கணிப்பு சொல்லிக்கிட்டு வர்ற நம்ம மார்க் அண்ணனை லீக் சார்பா கௌரவிக்கிறோம்னு. பொன்னாடை போத்தறாங்க. மாலை வேற. கை தட்டறாங்க. என்னை மேடைக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வெச்சுட்டாங்க. ஒரு பெரியவர் என் கையைக் குலுக்கி, 'நீங்க போட்ட மார்க் ஒண்ணுகூட பொய்யானதில்ல சார்'னாரு.

சொல்லுங்க தம்பி, அந்த நேரத்துல எழுந்து எப்படிச் சொல்லுவீங்க. பொன்னாடையோட. நீங்க சொல்லியிருப்பீங்களோ என்னவோ. சின்ன வயசு.

சுத்து சுத்தா ஆள் எடுத்துக்கிட்டே போனாங்க. எனக்கு ஒரு பேரும் காதுல ஏறல. கடைசில மிச்சம் இருக்கிற பேருங்களை ஒவ்வொண்ணா வாசிப்பாங்க. ஒரு பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. எந்த டீமும் கை தூக்கலைன்னா அந்த ஃபாரத்தை எடுத்து அடியில வெச்சுடுவாங்க. எங்க டீமுக்கு ரெண்டாவது கீப்பர் இடம் ஒண்ணு காலியா இருந்துச்சு. அது எனக்கு நல்லாத் தெரியும்.

'தேசப்பன், பழவேற்காடு, கோல்கீப்பர்.'

பின்னாடி எவனோ கம்பம்னான். ஹால்ல சிரிப்பு. ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. முனிரத்தினம் கையை மேசை மேல வெச்சுக்கிட்டுத் திரும்பி என்னைப் பாத்தான். புருவத்தை மட்டும் தூக்கினான், என்னண்ணே சொல்றன்னு. அவனுக்கு எடுக்கணும்னு ஆசைதான் தம்பி. அவன்தானே அந்தப் பையன் ஆட்டத்தை நேர்ல பாத்தவன். எழுந்து பேசக்கூட வேண்டாம். தலையை ஆட்டியிருந்தாப் போதும். இவ்வளவுதான், இப்படி ஒரு தடவை.

நான் குனிஞ்சு செருப்பு வாரை மாட்டினேன். அது கழண்டிருக்கல. மாட்டியேதான் இருந்துச்சு. ஒரு தடவை கழட்டிட்டு மாட்டினேன். மூணாவது தடவை பேரைக் கூப்பிடறது மேல கேட்டுது. அப்புறம் வேற பேரை வாசிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

தோத்தாத்தான் அவமானம் வரும்னு இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு எனக்கு மாலை விழுந்துச்சு, கை தட்டினாங்க, பிரியாணி போட்டாங்க. சாப்பிட்டேன். அதையும் சொல்லிடறேன், சாப்பிட்டேன். சாயங்காலம் படிக்கட்டுல உக்காந்து இந்த வருசம் எடுத்தவங்களுக்கும் மார்க் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். என்ன சொன்னேன்னு இப்ப ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல.

இதை யார்கிட்டயும் சொல்லல. ஸ்டெல்லாகிட்ட இல்ல, முனிரத்தினத்துக்கிட்ட இல்ல, சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட இல்ல. உங்ககிட்டதான். உங்களுக்கு எங்க லீக்கும் தெரியாது, எங்க ஆளுங்களும் தெரியாது. பொன்னேரி வந்தா இறங்கிப் போயிடுவீங்க. அதனாலதான் சொல்ல முடியுதுன்னு எனக்கும் தெரியுது. அவ்வளவு முட்டாள் இல்ல நான்.

அன்னிக்கு மண்டபத்து வாசல்ல பொன்னாடையை மடிச்சுக்கிட்டு நிக்கும்போது தேசப்பன் போன் வந்துச்சு. எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நாலு பேர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களேன்னு எடுத்துட்டேன்.

'சார், என் பேர் வரலைன்னு சொன்னாங்க. நீங்க ஹாலுக்குப் போகலையா சார்?'

காய்ச்சல்பான்னேன். யோசிக்கவே இல்ல, வாயில அதுவா வந்துடுச்சு. ரெண்டு நாளா காய்ச்சல், எழுந்திருக்கவே முடியலைன்னேன்.

அதைக் கேட்டதும் அவன் குரல் லேசாயிடுச்சு தம்பி. பெரிய பாரம் ஒண்ணு இறங்கின மாதிரி. 'அதான பாத்தேன். சார் வந்திருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பாருன்னு இப்பதான் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். பரவால்ல சார். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க.'

ஆமாப்பா, வந்திருந்தா சொல்லியிருப்பேன்னேன்.